கணினி ஒவ்வொரு முறையும் வட்டைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தால்: பராமரிப்பு மென்பொருள் விட்டுச்சென்ற கட்டளையைக் கண்டுபிடித்து நீக்கும் முழு வழிகாட்டி

கணினியை இயக்கியதும் விண்டோஸ் முழுமையாகத் திறப்பதற்கு முன்பே கறுப்புத் திரையோ நீலத் திரையோ தோன்றி, சி டிரைவைச் சரிபார்ப்பதாக அறிவித்து, சதவீதக் கணக்கு மெல்ல மெல்ல ஏறி, முடிந்ததும் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது. எப்போதாவது ஒரு முறை இப்படி நடந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே சரிபார்ப்பு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வந்து நின்றால், ஏதோ ஒன்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேட்பது வட்டா, வட்டைப் பராமரிப்பதாகச் சொல்லி நீங்கள் நிறுவிய மென்பொருளா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் சரிபார்ப்பை வாயடைக்கும் கட்டளைகளைத் தட்டுவதே இந்தச் சிக்கலில் பலர் செய்யும் தவறு.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே ஒலிப்படி தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டவும். வட்டைச் சரிபார்க்கும் கட்டளையான ‘சிஎச்கேடிஎஸ்கே’ என்பது ஆறு ஆங்கில எழுத்துகள், இடைவெளி கிடையாது. கட்டளைச் சாளரத்தை, அதாவது ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’டை, எப்போதும் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற வாய்ப்பின் வழியாகவே திறக்கவும். எதையும் தொடங்கும் முன், இழக்க முடியாத கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் உள்ளே நடப்பது என்ன

விண்டோஸ் தொடங்கும்போது செஷன் மேனேஜர் என்ற நிரல் மிக முன்னதாகவே இயங்கத் தொடங்குகிறது. அது விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவகத்தில், அதாவது ரெஜிஸ்ட்ரியில், ‘பூட்எக்ஸிக்யூட்’ என்ற பெயரில் இருக்கும் மதிப்பைப் படித்து, அங்கே எழுதியுள்ள நிரல்களை ஒவ்வொன்றாக இயக்குகிறது. இயல்பாக அங்கே இருப்பது ஒரே ஒரு வரிதான்: ‘ஆட்டோசெக் ஆட்டோசிஎச்கே *’. எல்லா டிரைவுகளையும் பார், பழுதுக்குறி இருப்பதை மட்டும் சரிபார் என்பது அதன் பொருள். அந்தப் பழுதுக்குறியைத்தான் கணினிக்காரர்கள் ‘டர்ட்டி பிட்’ என்கிறார்கள். வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை தன் அமைப்பில் முரண்பாடு ஒன்றைக் கண்டால் அந்தக் குறியை எழுதிவைக்கும். சரிபார்ப்பு வெற்றிகரமாக முடிந்தால்தான் குறி நீங்கும். அதை மட்டும் அழிப்பதற்கு விண்டோஸில் தனிக் கட்டளை கிடையாது.

நீங்களோ ஒரு மென்பொருளோ ‘அடுத்த தொடக்கத்தில் சரிபார்’ என்று கேட்டுவைத்தால், பழுதுக்குறி இல்லாவிட்டாலும் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்பதற்காகப் பூட்எக்ஸிக்யூட்டில் கூடுதலாக ஒரு வரி சேர்கிறது. வேலை முடிந்ததும் அந்த வரி நீங்கிவிட வேண்டும். நீங்காமல் தங்கிவிட்டாலும், நீங்கிய பிறகு யாரோ மறுபடி எழுதிவிட்டாலும், தினமும் சரிபார்ப்புதான்.

எனக்குத் தெரிந்த மளிகைக் கடை ஒன்றில் விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி இப்படித்தான் மாட்டிக்கொண்டது. கடை திறப்பது எட்டு மணிக்கு, முதல் பில் அச்சாவது பதினொன்றுக்கு. கடைப் பையன் விடியற்காலையில் வந்து கணினியைப் போட்டுவிட்டுப் போகும் வழக்கமே ஏற்பட்டுவிட்டது. வட்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புது வட்டுக்கு விலையும் விசாரித்துவிட்டார்கள். நான் பதிவகத்தைத் திறந்தபோது பூட்எக்ஸிக்யூட் பெட்டியில் இரண்டு வரிகள் இருந்தன. மேலே ‘ஆட்டோசெக் ஆட்டோசிஎச்கே /ஆர் \??\சி:’, கீழே வழக்கமான வரி. அந்த ‘/ஆர்’ என்ற ஒற்றை எழுத்துதான் காரணம். வட்டின் ஒவ்வொரு செக்டரையும், அதாவது ஒவ்வொரு சிறு பகுதியையும், வாசித்துப் பார் என்பது அதன் பொருள். வட்டு 1 டெராபைட். வினாடிக்கு 100 மெகாபைட் வீதம் வாசித்தால் 10,000 வினாடிகள், அதாவது ஏறத்தாழ 2 மணி 45 நிமிடங்கள் ஆகும். கடைக்காரர் சொன்ன நேரத்துடன் அது கச்சிதமாகப் பொருந்தியது. வட்டில் ஒரு குறையும் இல்லை. ‘ஒரே சொடுக்கில் பராமரிப்பு’ என்று சொல்லி வந்த ஒரு மென்பொருள், உரிமக் காலம் முடிந்த பிறகும் தன் பின்னணிச் சேவையை மட்டும் விடாமல் நடத்திக்கொண்டிருந்தது.

முதல் படி: கேட்பது யார் என்று பதிவேட்டில் பாருங்கள்

சரிபார்ப்பு ஓடும்போது திரையில் வரும் வாசகத்தை எல்லோரும் கவனிப்பதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் சதவீதம் தவிர வேறெதுவும் திரையில் தெரிவதும் இல்லை. ஆனால் முழு வாசகமும் நிகழ்வுப் பதிவேட்டில் இருக்கும். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, ஈவென்ட் வியூவரைத் திறக்கும் ‘ஈவென்ட்விடபிள்யுஆர்.எம்எஸ்சி’ என்பதைத் தட்டுங்கள். இடப்பக்கம் ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதை விரித்து ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் உள்ள ‘ஃபில்டர் கரன்ட் லாக்’ என்பதில், நிகழ்வின் மூலமாக ‘வின்இனிட்’ என்பதைக் குறியிடுங்கள். எண் 1001 கொண்ட பதிவுகள் கிடைக்கும். அதே 1001 என்ற எண்ணைப் பிழை அறிவிப்புச் சேவையும் பயன்படுத்துவதால், எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் சம்பந்தமில்லாத பதிவுகள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும்.

பதிவைத் திறந்து முதல் சில வரிகளைப் படியுங்கள். ‘டிஸ்க் செக் ஹேஸ் பீன் ஷெட்யூல்டு’ என்று இருந்தால், சரிபார்ப்பை யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நீங்கள் இல்லையென்றால் ஒரு மென்பொருள்தான். அதற்குப் பதிலாக, உங்கள் வட்டுகளில் ஒன்றின் ‘கன்சிஸ்டன்ஸி’ சரிபார்க்கப்பட வேண்டும் என்ற வாசகம் இருந்தால், பழுதுக்குறி எழுதப்பட்டிருக்கிறது. கேட்பது கோப்பு முறைமை. பதிவின் கடைசிப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். சிக்கல் எதுவும் காணப்படவில்லை என்று தொடர்ந்து நாலைந்து நாள் பதிவுகளிலும் இருந்து, ‘பேட் செக்டர்ஸ்’ வரியில் 0 கேபி என்றும் இருந்தால், வட்டைச் சந்தேகிக்க வேண்டிய அவசியம் மிகவும் குறைகிறது.

அடுத்து, கட்டளைச் சாளரத்தில் ‘சிஎச்கேஎன்டிஎஃப்எஸ் சி:’ என்று தட்டுங்கள். இது எதையும் மாற்றாது, நிலையை மட்டும் சொல்லும். சி டிரைவில் பழுதுக்குறி இல்லை என்றோ, இருக்கிறது என்றோ, அடுத்த தொடக்கத்தில் சரிபார்ப்பு கைமுறையாகக் குறித்துவைக்கப்பட்டுள்ளது என்றோ பதில் வரும். இந்தக் கட்டளையை ஒரு முறை தட்டிப் பார்ப்பதைவிட மூன்று முறை தட்டிப் பார்ப்பதுதான் பயன் தரும். சரிபார்ப்பு முடிந்து உள்ளே நுழைந்த உடனே ஒரு முறை, கால் மணி நேரம் கழித்து ஒரு முறை, கணினியை நிறுத்துவதற்குச் சற்று முன் ஒரு முறை. உடனடியாகச் சுத்தமாக இருந்தது கால் மணி நேரத்தில் ‘குறித்துவைக்கப்பட்டுள்ளது’ என்று மாறினால், இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நிரல்தான் அந்த வரியை எழுதுகிறது. முதல் முறையிலேயே குறித்துவைக்கப்பட்டதாக வந்தால், பழைய வரி நீங்காமல் தங்கியிருக்கிறது, அல்லது உள்நுழைவதற்கு முன்பே தொடங்கும் ஒரு சேவை அதை எழுதிவிட்டது.

இரண்டாம் படி: முதலில் மென்பொருளை அடக்குங்கள், பிறகு பதிவகத்தைத் தொடுங்கள்

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மென்பொருளின் சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவகத்தைத் திருத்தினால், நீங்கள் நீக்கிய வரியை அது சில நிமிடங்களில் மறுபடி எழுதிவிடும். திருத்தம் பலிக்கவில்லை என்று நீங்கள் தவறாக முடிவு செய்வீர்கள்.

பராமரிப்பு மென்பொருளைத் திறந்து அதன் அமைப்புகளில் வட்டு தொடர்பானவை அனைத்தையும் தேடுங்கள். வட்டுப் பிழைகளைத் தானாகத் திருத்துவது, தொடக்கத்தில் டிஃபிராக் செய்வது (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), வாராந்தரப் பராமரிப்பு, பணியில்லா நேரத்தில் பராமரிப்பு என்று வெவ்வேறு பெயர்களில் இவை இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்கு உள்ளே, நாம் கேட்காமலே குறியிடப்பட்ட நிலையில் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு ‘டாஸ்க் ஷெட்யூலர்’ சென்று, அந்த மென்பொருளின் பெயரில் உள்ள பணிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் சிஎச்கேடிஎஸ்கே என்ற கட்டளை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ‘டிசேபிள்’ செய்யுங்கள். அங்கேயே மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், சிஎச்கேடிஎஸ்கே என்ற அடுக்கினுள் ‘புரோஆக்டிவ்ஸ்கேன்’ என்றொரு பணி இருக்கும். அது விண்டோஸுக்கே சொந்தமானது, நம் சிக்கலுக்குக் காரணமும் அன்று. அதைத் தொட வேண்டாம்.

மென்பொருளை வைத்துக்கொள்ள விருப்பமில்லையென்றால் இந்த நிலையில் நீக்கிவிடலாம். என் கருத்தைக் கேட்டால், நீக்குவதே நல்லது. பதிவகத்தைச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. டிஃபிராக், தற்காலிகக் கோப்புகளை நீக்குவது போன்ற மீதி வேலைகளை விண்டோஸே செய்துகொள்ளும்.

மூன்றாம் படி: பூட்எக்ஸிக்யூட்டைத் திருத்துதல்

‘ரெஜ்எடிட்’ என்று தட்டிப் பதிவகத்தைத் திறந்து, எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர் என்ற வழியே செல்லுங்கள். ‘செஷன் மேனேஜர்’ மீது வலச்சொடுக்கி ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் திரும்புவதற்கு அதுதான் வழி. பிறகு வலப்பக்கத்தில் பூட்எக்ஸிக்யூட்டை இருமுறை சொடுக்குங்கள். பல வரிகளை ஏற்கும் பெட்டி ஒன்று திறக்கும்.

அதில் ‘ஆட்டோசெக் ஆட்டோசிஎச்கே *’ என்ற ஒரே வரி மட்டும் இருக்க வேண்டும். மூன்று உறுப்புகள், இடையே ஒவ்வொரு இடைவெளி, எல்லாம் சிறிய எழுத்து. டிரைவின் பெயருடன் ‘/ஆர்’ அல்லது ‘/பி’ வந்தால் அது குறித்துவைக்கப்பட்ட சரிபார்ப்பு. ‘/பி’ (ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்து) என்பது பழுதுக்குறி இல்லாவிட்டாலும் கட்டாயம் சரிபார் என்று பொருள்படும். ‘/கே:சி’ என்று இருந்தால், முன்பு யாரோ சி டிரைவைச் சரிபார்ப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் அல்லாமல் முன்பின் தெரியாத நிரல் பெயர் ஒன்று தனி வரியாக இருந்தால், அது அநேகமாகத் தொடக்க நேர டிஃபிராக் நிரல். மென்பொருளை நீக்கிய பிறகும் இந்த வரி மட்டும் எஞ்சியிருந்தால், தொடக்கத்தில் ‘புரோகிராம் நாட் ஃபவுண்ட், ஸ்கிப்பிங் ஆட்டோசெக்’ என்ற வாசகம் ஒரு கணம் மின்னி மறையும். பார்க்கக் கலவரமாக இருந்தாலும் அதனால் கெடுதல் இல்லை.

கூடுதல் வரிகளை நீக்கி, இயல்பான வரியை மட்டும் விட்டு, ஓகே கொடுங்கள். பூட்எக்ஸிக்யூட் மதிப்பையே அழித்துவிடக் கூடாது. பெட்டியை வெறுமையாகவும் விடக் கூடாது. அப்படிச் செய்தால், உண்மையிலேயே வட்டுக்குப் பழுது வரும் நாளில் சரிபார்ப்பு நடக்காமல் போகும். பதிவகத்துக்குள் கைவைக்கத் தயங்குபவர்கள், மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ‘ஆட்டோரன்ஸ்’ கருவியில் ‘பூட் எக்ஸிக்யூட்’ என்ற தத்தலை (டேப்) திறந்தால் இதே வரிகளைப் பார்க்கலாம்.

இனி மறுதொடக்கம் செய்து பாருங்கள். ‘ஷட் டவுன்’ கொடுத்துப் பிறகு இயக்குவது விண்டோஸ் 8 முதல் சரியான சோதனை ஆகாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும்போது, நிறுத்தும் கணினி விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் நிலையை வட்டில் சேமித்து வைத்து, மறுமுறை அதையே எடுத்துக்கொள்கிறது. முழுத் தொடக்கம் நடப்பதில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுத் தொடக்கம் நடக்கும்.

வரி மறுபடி முளைத்தால்

அப்போது எழுதுபவர் இன்னும் உள்ளே இருக்கிறார். ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்று தட்டி, ‘சர்வீசஸ்’ பகுதியில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் பெட்டியைக் குறியிட்டு, எஞ்சியவற்றை முடக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். வரி திரும்பவில்லையென்றால், முடக்கிய சேவைகளில் பாதியை மட்டும் இயக்கிப் பாருங்கள். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துப் போனால் பதினாறு சேவைகள் இருந்தாலும் நான்கு முறையில் குற்றவாளி அகப்படுவார்.

கல்லூரிக் கணினிக்கூடங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் வட்டைப் பழைய நிலைக்கே திருப்பும் மென்பொருள் அங்கே நிறுவப்பட்டிருக்கும். வட்டை உறைய வைத்த நேரத்தில் சரிபார்ப்பு குறித்துவைக்கப்பட்டிருந்தால், சரிபார்ப்பு முடிந்து வரி நீங்கினாலும் அடுத்த தொடக்கத்தில் பழைய நிலையுடன் அந்த வரியும் சேர்ந்தே திரும்பும். உறைநிலையை விலக்கி, சரிபார்ப்பை ஒரு முறை முழுமையாக ஓடவிட்டு, சிஎச்கேஎன்டிஎஃப்எஸ் மூலம் சுத்தமாக இருப்பதை உறுதி செய்த பிறகே மறுபடி உறைய வைக்க வேண்டும்.

சரிபார்ப்பு தொடங்கியதுமே தோற்றுப்போனால்

சில கணினிகளில் சரிபார்ப்பு ஓடுவதே இல்லை. டிரைவை நேரடியாகத் திறக்க முடியவில்லை என்றும், அண்மையில் நிறுவிய ஒரு மென்பொருளால் இது நேர்ந்தது என்றும், 766எஃப்6சி756டி652இ63 3எஃப்1 என்றும் ஒரு வாசகம் வரும். இந்த எண் பார்ப்பதற்கு மந்திரம் போல இருந்தாலும், இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து ஆஸ்கி என்ற குறியீட்டு முறைப்படி எழுத்துகளாக மாற்றினால் ‘வால்யூம்.சி’ என்று வருகிறது. அது ஒரு மூலநிரல் கோப்பின் பெயர் போலத்தான் இருக்கிறது. இங்கே நடப்பது இதுதான்: வேறொரு மென்பொருளின் டிரைவர் (வன்பொருளுடன் பேசும் துணை நிரல்) முன்னதாகவே ஏறி சி டிரைவைப் பிடித்துக்கொள்கிறது; சரிபார்ப்பு நுழைய முடியாமல் திரும்புகிறது; பழுதுக்குறி நீங்காமல் நிற்கிறது; அடுத்த தொடக்கத்தில் மீண்டும் அதே கதை.

இதற்குத் தீர்வு வெளியிலிருந்து சரிபார்ப்பதுதான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து மீட்புச் சூழலுக்குச் செல்லுங்கள். அங்கே ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகக் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’டைத் திறந்து ‘சிஎச்கேடிஎஸ்கே சி: /எஃப்’ என்று கொடுங்கள். ‘/எஃப்’ என்பது காணும் பிழைகளைத் திருத்து என்று பொருள்படும். அந்தச் சூழலில் நீங்கள் நிறுவிய மென்பொருளின் டிரைவர்கள் ஏறுவதில்லை. டிரைவ் எழுத்துகள் அங்கே மாறியிருக்கலாம் என்பதால், ‘டிஸ்க்பார்ட்’ கொடுத்து ‘லிஸ்ட் வால்யூம்’ மூலம் எது விண்டோஸ் டிரைவ் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வட்டைப் பூட்டி மறையாக்கும் பிட்லாக்கர் வசதி போடப்பட்ட கணினியானால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

உள்ளேயே போக முடியாதபடி சரிபார்ப்பும் மறுதொடக்கமுமாகச் சுற்றும் கணினிக்கும் இந்த மீட்புச் சூழலே கதி. மிகத் தேவையானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோட் உதவாது; பூட்எக்ஸிக்யூட் அங்கேயும் ஓடும். எண்ணிக்கை இறங்கும் சில வினாடிகளுக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் சரிபார்ப்பைத் தவிர்க்கலாம், ஆனால் புளூடூத் விசைப்பலகை அந்த நேரத்தில் இணைந்திருக்காது. கம்பியுள்ள விசைப்பலகையைச் செருகிக்கொள்ளுங்கள். மீட்புச் சூழலின் கட்டளைச் சாளரத்திலேயே ரெஜ்எடிட்டைத் திறக்கலாம். எச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபைல்’ பட்டியலில் ‘லோட் ஹைவ்’ கொடுத்து, விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்ற அடைவினுள் உள்ள ‘சிஸ்டம்’ கோப்பை ஏற்றுங்கள். ஏற்றும் முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அங்கே கரன்ட்கன்ட்ரோல்செட் இருக்காது. ‘செலக்ட்’ என்ற கிளையில் ‘கரன்ட்’ மதிப்பு 1 என்று இருந்தால் ‘கன்ட்ரோல்செட்001’ என்பதனுள் அதே செஷன் மேனேஜர் கிடைக்கும். திருத்திய பின் ‘அன்லோட் ஹைவ்’ கொடுக்க மறவாதீர்கள்.

கேட்பது வட்டே என்றால்

பழுதுக்குறி இருக்கிறதா என்று சொல்லும் ‘எஃப்எஸ்யூடில் டர்ட்டி கொயரி சி:’ என்ற கட்டளையைத் தட்டும்போது, முழுச் சரிபார்ப்பு முடிந்த மறுநாளே மறுபடி ‘டர்ட்டி’ என்று வந்தால், பராமரிப்பு மென்பொருளைக் குற்றம் சொல்வதற்கு முன் வன்பொருளைப் பாருங்கள். மின்வெட்டு மட்டும் இதற்குக் காரணம் என்று எண்ணிவிட முடியாது. என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை வட்டிலேயே குறித்துவைக்கும் உள்பதிவேட்டைக் கொண்டு அத்தகைய திடீர் நிறுத்தங்களைப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். ஈவென்ட் வியூவரின் ‘சிஸ்டம்’ பகுதியில் என்டிஎஃப்எஸ் 55, டிஸ்க் 7, டிஸ்க் 153 ஆகிய எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 55 என்பது கோப்பு அமைப்பில் சிதைவு, 7 என்பது கெட்ட பகுதி, 153 என்பது வாசிப்போ எழுத்தோ மீண்டும் முயலப்பட்டது. இவை இருந்தால் கேபிளை மாற்றிப் பார்த்து, வட்டு தன் உடல்நிலை பற்றித் தானே பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ விவரங்களையும் பாருங்கள். ஸ்மார்ட் விவரங்களே மோசமாக இருந்தால் ‘/ஆர்’ ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் வட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்வது அதன் மிச்ச ஆயுளையும் பறிக்கும். முதலில் தரவை வெளியே எடுங்கள்.

வட்டு நலமாக இருந்தால், விண்டோஸ் 8 முதல் ‘சிஎச்கேடிஎஸ்கே சி: /ஸ்கேன்’ என்பதை வேலை செய்துகொண்டே ஓட்டலாம், மறுதொடக்கம் தேவைப்படாது. அது சிக்கல் இருப்பதாகச் சொன்னால் மட்டும் ‘/எஃப்’ கொடுத்து ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். எஸ்எஸ்டி வட்டுகளுக்கு ‘/ஆர்’ அரிதாகவே பயன்படும்.

வாயடைக்கும் கட்டளை பற்றி

‘சிஎச்கேஎன்டிஎஃப்எஸ் /எக்ஸ் சி:’ என்று தட்டினால் உடனே தொல்லை நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் பழுதுக்குறி இருந்தாலும் சி டிரைவைப் பார்க்காதே என்று விண்டோஸுக்குச் சொல்லிவிட்டீர்கள். அவசரத்துக்குக் கணினி தேவைப்படும் ஒரு நாளைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். இரண்டு டிரைவுகளை விலக்க வேண்டுமானால் ஒரே கட்டளையில் இரண்டையும் எழுத வேண்டும். தனித்தனியாகத் தட்டினால் கடைசியாகத் தட்டியதுதான் நிற்கும். வேலை முடிந்ததும் ‘சிஎச்கேஎன்டிஎஃப்எஸ் /டி’ (இந்த ‘டி’ ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து) கொடுத்து இயல்பு நிலைக்குத் திரும்புங்கள்.

எல்லாம் முடிந்த பின் மூன்று முறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, வின்இனிட் பதிவேட்டில் புதிதாக 1001 எதுவும் சேரவில்லை என்பதைப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, அதாவது வாராந்தரப் பராமரிப்பின் சுற்று ஒன்று கடந்த பிறகு, இன்னொரு முறையும் பாருங்கள். அப்போதும் சுத்தமாக இருந்தால், மூன்றாம் படியில் சேமித்த பதிவகக் கோப்பை அழித்துவிடுங்கள். அது மேசைத்திரையிலேயே கிடந்து, யாராவது என்னவென்று பார்ப்பதற்காக இருமுறை சொடுக்கி ‘எஸ்’ கொடுத்துவிட்டால், நீக்கிய வரி அப்படியே பூட்எக்ஸிக்யூட்டுக்குத் திரும்பிவிடும்.